டிபக்எஃப்எஸ்: எக்ஸ்ட்4 வட்டைக் கட்டளை வரியில் திறந்து பார்ப்பது

லினக்ஸில் ஒரு பார்ட்டிஷன் மவுண்ட் ஆக மறுத்தால் பலரும் உடனே ஈ2எஃப்எஸ்செக்கை (ஃபைல் சிஸ்டத்தைச் சோதித்துப் பழுது பார்க்கும் கட்டளை) ஓட்டுவார்கள். அதுவும் எல்லாக் கேள்விக்கும் 'ஒய்' என்று தானே பதில் சொல்லிக்கொள்ளும்படி. பெரும்பாலும் அது நல்லபடியாகவே முடியும். முடியாத நாளில் லாஸ்ட்+ஃபவுண்ட் ஃபோல்டருக்குள் வெறும் எண்களைப் பெயராகக் கொண்ட ஃபைல்கள் குவிந்து கிடக்கும். எது எந்த ஃபோல்டரில் இருந்தது என்று அதற்குப் பிறகு கண்டுபிடிப்பது பெரும்பாடு. பழுது பார்க்கிறேன் என்று இறங்கும் முன் உள்ளே என்ன இருக்கிறது, என்ன கெட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டால் இந்த நிலை பாதி வராது. அதற்கான கருவி அதே ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் தொகுப்பிலேயே இருக்கிறது. எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3, எக்ஸ்ட்4 மூன்றையும் அது திறக்கும். பெயர் டிபக்எஃப்எஸ்.

இதே பெயரில் கர்னலுக்குள் இன்னொன்று உண்டு, சிஸ் ஃபோல்டருக்குக் கீழே மவுண்ட் ஆகி இருக்கும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இணையத்தில் தேடும்போது இரண்டும் கலந்து வரும் என்பதால் சொல்லி வைக்கிறேன். எக்ஸ்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு எக்ஸ்எஃப்எஸ்_டிபி, பிடிஆர்எஃப்எஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்ஸ்பெக்ட்-இன்டர்னல் என்ற துணைக் கட்டளை என்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. இங்கே பேச்சு எக்ஸ்ட்4 பற்றி மட்டும். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துதான், பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பொம்மை வட்டு

உண்மையான டிஸ்க்கில் இதைப் பழகவே கூடாது. ட்ரன்கேட் கட்டளையால் 256 எம்பிக்கு ஒரு வெற்று ஃபைல் உருவாக்கி, அதன்மேல் எம்கேஈ2எஃப்எஸ்ஸை (ஃபைல் சிஸ்டம் உருவாக்கும் கட்டளை) -டி (t) எக்ஸ்ட்4 -பி (b) 4096 என்று ஓட்டினால் முழுமையான ஒரு ஃபைல் சிஸ்டம் கிடைத்துவிடும். ரூட் அனுமதிகூடத் தேவையில்லை. அந்த -பி 4096 முக்கியம். 512 எம்பிக்குக் குறைந்த இமேஜுக்கு எம்கேஈ2எஃப்எஸ் தானாக 1024 பைட் பிளாக்கை (வட்டில் இடம் ஒதுக்கும் அடிப்படை அலகு) தேர்ந்தெடுத்துவிடும். பிறகு கணக்குகள் எல்லாம் நிஜ டிஸ்க்கில் பார்ப்பதற்குப் பொருந்தாமல் போகும்.

அந்த இமேஜை டிபக்எஃப்எஸ் -டபிள்யூ கொடுத்துத் திறந்து, ரைட் கட்டளையால் ஒரு ஃபைலை உள்ளே போடுங்கள். அதற்குக் கிடைக்கும் ஐநோட் எண் (ஐநோட் என்பது ஒரு ஃபைலின் அளவு, அனுமதி, பிளாக் விவரங்களை வைத்திருக்கும் பதிவு) பெரும்பாலும் 12, புதிய பதிப்புகளில் 13ஆகவும் இருக்கலாம். 1 முதல் 10 வரை ஃபைல் சிஸ்டம் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிறது (2 ரூட் ஃபோல்டர், 7 பின்னாளில் பெரிதாக்குவதற்கான இடம், 8 ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் குறிப்பேடு), 11 லாஸ்ட்+ஃபவுண்ட்டுக்குப் போய்விடும். இந்த 2, 8, 11 மூன்றும் மனப்பாடமாகவே இருக்கட்டும். பின்னால் ஒரு பிளாக் யாருடையது என்று தேடி '8' என்று பதில் வந்தால், அது ஜர்னல், உங்கள் ஃபைல் எதுவும் போகவில்லை என்று உடனே தெரியும்.

உள்ளே நுழைந்ததும் எல்எஸ் -எல், ஸ்டாட், கேட் எல்லாம் ஷெல்லில் இருப்பது போலவேதான். ஃபைல் பெயர் தர வேண்டிய எந்த இடத்திலும் ஐநோட் எண்ணைக் கோண அடைப்புக்குள் தரலாம்: ஸ்டாட் <12>. உள்ளே போகாமல் ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்ட பெரிய எழுத்து ஆர் இருக்கிறது: -ஆர் 'ஸ்டாட் <12>'. அந்த ஒற்றை மேற்கோளை விட்டுவிட்டால் ஷெல் கோண அடைப்பை 'அந்தப் பெயருள்ள ஃபைலிலிருந்து படி' என்று எடுத்துக்கொண்டு, '12' என்று ஃபைலே இல்லை என்று சொல்லும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

அடுத்தது பாதை. டிபக்எஃப்எஸ்ஸுக்கு மவுண்ட் பாயின்ட் என்று எதுவும் தெரியாது. ஹோம் தனிப் பார்ட்டிஷனாக இருந்தால், அங்கே உள்ள ஃபைலுக்கு /ஹோம் என்று தொடங்கும் பாதையைக் கொடுத்தால் கிடைக்காது. அந்தப் பார்ட்டிஷனின் உச்சிதான் அதற்கு '/'. பிறகு, எந்தச் சாதனத்தைத் திறக்கிறோம் என்பது. எஸ்டிஏ என்று முழு டிஸ்க்கைக் கொடுத்தால் 'பேட் மேஜிக் நம்பர்' என்று வரும். எஸ்டிஏ1 என்று பார்ட்டிஷனைக் கொடுக்க வேண்டும். எல்விஎம், லக்ஸ் மறையாக்கம், ரெய்டு இவற்றில் ஏதாவது இருந்தால் மேப்பர் ஃபோல்டருக்குக் கீழே அல்லது எம்டி என்ற பெயரில் இருக்கும் சாதனத்தைக் கொடுக்க வேண்டும். மேஜிக் நம்பர் பிழை வந்ததும் சூப்பர்பிளாக் (ஃபைல் சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் இடம்) போச்சு என்று பதறுகிறவர்களில் பாதிப்பேர் தவறான சாதனத்தைத்தான் திறந்திருப்பார்கள்.

-டபிள்யூ தராத வரை அது படிக்க மட்டும்தான் திறக்கும். அதனால் மவுண்ட் ஆகி ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க்கைப் பார்ப்பதில் ஆபத்து இல்லை. ஆனால் காட்டுவதை அப்படியே நம்பவும் முடியாது. டிபக்எஃப்எஸ் கர்னலைக் கேட்காமல் நேராக வட்டைப் படிக்கிறது. கர்னல் நினைவகத்தில் வைத்துக்கொண்டு இன்னும் எழுதாமல் இருப்பது இதன் கண்ணில் படாது. சற்று முன் எழுதிய ஃபைல் பூஜ்ஜிய பைட்டாகத் தெரிந்தால் அதுதான் காரணம். சிங்க் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள்.

கெட்ட செக்டார் எந்த ஃபைலைச் சாப்பிட்டது?

இந்தக் கருவியை அடிக்கடி எடுக்க வைக்கும் வேலை இது. டிமெசேஜில் (கர்னலின் செய்திப் பதிவு) 'ஐ/ஓ எரர், டெவ் எஸ்டிஏ, செக்டார் 19274885' என்று ஒரு வரி. ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்வது) 197ஆம் வரிசையில், அதாவது படிக்க முடியாமல் நிற்கும் செக்டார்களை எண்ணும் கரன்ட் பெண்டிங் செக்டாரில், எண் ஏறியிருக்கிறது. டிஸ்க்கை மாற்றத்தான் போகிறோம். ஆனால் போனது டேட்டாபேஸா, பழைய லாக் ஃபைலா, காலி இடமா?

கணக்கு எளிதுதான். கர்னல் சொல்லும் செக்டார் எண் எப்போதும் 512 பைட் அளவில், முழு டிஸ்க்கின் தொடக்கத்திலிருந்து. எஃப்டிஸ்க் -எல் கொடுத்துப் பார்ட்டிஷன் எந்தச் செக்டாரில் தொடங்குகிறது என்று பாருங்கள், வழக்கமாக 2048. கழித்தால் 19272837. பிளாக் 4096 பைட் என்றால் அதில் 8 செக்டார். வகுத்தால் 2409104, மீதி 5. ஆக, பிளாக் எண் 2409104, அதற்குள் கெட்டது ஆறாவது செக்டார் (மீதி 0 என்றால் முதலாவது). பிளாக் அளவை ஊகிக்க வேண்டாம், டிபக்எஃப்எஸ்ஸில் ஸ்டாட்ஸ் என்று கேட்டால் சொல்லும். எல்விஎம் இருந்தால் நடுவில் இன்னும் ஒரு கழித்தல் வரும்: பிசிக்கல் வால்யூமுக்குள் தரவு எங்கே தொடங்குகிறது, அந்த லாஜிக்கல் வால்யூம் எந்தத் துண்டில் இருக்கிறது என்பது. அதை விட்டுவிட்டால் வேறு யாரோ ஒரு ஃபைலின் பெயர் கிடைக்கும், அதுவும் நம்பும்படியாகவே இருக்கும்.

இப்போது டிபக்எஃப்எஸ்ஸில் மூன்று கேள்விகள். டெஸ்ட்பி 2409104: பயன்பாட்டில் இருக்கிறதா? 'நாட் இன் யூஸ்' என்றால் நிம்மதி, காலி இடம். இருக்கிறது என்றால் ஐசெக் 2409104: சர்வே எண்ணைச் சொல்லிப் பட்டா யார் பேரில் என்று கேட்பது மாதிரி, பிளாக்கைச் சொன்னால் ஐநோட் எண்ணைத் தரும். அந்த எண்ணை என்செக்கிடம் கொடுத்தால் முழுப் பாதை கிடைக்கும். ஒரே ஃபைலுக்கு இரண்டு மூன்று ஹார்ட் லிங்க் இருந்தால் எல்லாப் பெயரையும் சொல்லும்.

ஐசெக் ஒவ்வொரு முறையும் ஐநோட் அட்டவணை முழுவதையும் வரிசையாகப் படிக்கிறது. லட்சக்கணக்கில் ஃபைல் உள்ள டிஸ்க்கில், அதுவும் சாகக் கிடக்கும் டிஸ்க்கில், ஒரு தேடலுக்கே நேரம் பிடிக்கும். இருபது கெட்ட செக்டார் இருந்தால் இருபது முறை ஓட்டாதீர்கள். எல்லாப் பிளாக் எண்களையும் ஒரே வரியில் கொடுத்தால் ஒரே சுற்றில் முடித்துவிடும். என்செக்கும் அப்படித்தான்.

டெஸ்ட்பி 'பயன்பாட்டில் இருக்கிறது' என்கிறது, ஐசெக்கோ 'பிளாக் நாட் ஃபவுண்ட்' என்கிறது. இது முரண்பாடு இல்லை. அந்தப் பிளாக் எந்த ஃபைலுக்கும் சொந்தமில்லாமல் ஃபைல் சிஸ்டத்தின் சொந்தச் சொத்தாக இருக்கிறது: பிட்மேப் (எது காலி, எது பயன்பாட்டில் என்ற குறிப்பு), ஐநோட் அட்டவணை, சூப்பர்பிளாக் நகல், இவற்றில் ஏதோ ஒன்று. டம்ப்ஈ2எஃப்எஸ் தரும் பட்டியலில் எந்த எல்லைக்குள் விழுகிறது என்று பாருங்கள். ஐநோட் அட்டவணையில் விழுந்தால் நிலைமை மோசம். ஐநோட் ஒன்றுக்கு 256 பைட், ஆகவே ஒரு 4096 பைட் பிளாக்கில் 16 ஐநோட், அதாவது ஒரே அடியில் 16 ஃபைல்கள்.

சாதாரண ஃபைலில் விழுந்திருந்தால் அதன் பாதையைக் குறித்துக்கொண்டு, பேக்கப்பிலிருந்து எடுங்கள். டெபியன், உபுண்டுவில் அது சிஸ்டம் ஃபைல் என்றால் டிபிகேஜி பெரிய எழுத்து எஸ் கொடுத்து எந்தப் பேக்கேஜ் என்று பார்த்து மறுபடி நிறுவினால் போதும். கெட்ட செக்டாரின் மேல் பூஜ்ஜியம் எழுதி டிஸ்க்கை மாற்று இடம் ஒதுக்க வைப்பது பழைய உத்தி. இன்றைய டிஸ்க்குகள் பலவற்றில் உள்ளே இருக்கும் உண்மையான செக்டார் 4096 பைட் என்பதால், 512 பைட் மட்டும் எழுதப் போனால் மீதியைப் படிக்க முயன்று தோற்கும். டிடியில் (dd, பிளாக் பிளாக்காக நகலெடுக்கும் கட்டளை) பிஎஸ்=4096, கவுன்ட்=1, சீக்=2409104 என்று முழுப் பிளாக்கையும் எழுத வேண்டும். அந்த சீக் விடுபட்டால் எழுதப்படுவது பூஜ்ஜியமாவது பிளாக். சூப்பர்பிளாக் இருப்பது அங்கேதான், 1024ஆவது பைட்டில். சீக் என்பதற்குப் பதில் ஸ்கிப் என்று எழுதினாலும் விளைவு அதேதான். எண்டர் தட்டும் முன் வரியை ஒரு முறை வாய்விட்டுப் படிப்பதில் கேவலம் ஒன்றுமில்லை.

அழிந்த ஃபைலும் அந்த 60 பைட்டும்

அழித்த ஃபைலை மீட்பதற்கு எல்எஸ்டெல் என்று ஒரு கட்டளை இருக்கிறது, பழைய குறிப்புகள் எல்லாம் அதைத்தான் சொல்லும். எக்ஸ்ட்2 காலத்தில் அது உண்மையாகவே வேலை செய்தது. அங்கே ஃபைலை அழித்தால் அழித்த நேரம் எழுதப்பட்டு, பிட்மேப்பில் 'காலி' என்று குறிக்கப்படும். ஆனால் பிளாக் எண்கள் ஐநோட்டுக்குள் அப்படியே கிடக்கும். எக்ஸ்ட்3இல் ஜர்னல் வந்த பிறகு, அழிக்கும் வேலை நடுவில் நின்றுபோனாலும் பாதுகாப்பாகத் தொடரும்படி அந்த எண்களையே துடைத்துவிடுகிறார்கள். எக்ஸ்ட்4உம் அப்படியே. அதனால் இன்று எல்எஸ்டெல் கொடுத்தால் '0 டெலீட்டட் ஐநோட்ஸ் ஃபவுண்ட்' என்றுதான் வரும். கருவியில் கோளாறு இல்லை, பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. எல்எஸ் -டி (d) என்று அழிந்த பெயர்களைப் பார்ப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. 2021க்குப் பின் வந்த கர்னல்கள் ஃபோல்டரில் இருந்த பெயரையும் சேர்த்தே துடைக்கின்றன.

ஆகவே வரிசை மாறுகிறது. முதல் வேலை: ஏதாவது புரோகிராம் அந்த ஃபைலை இன்னும் திறந்து வைத்திருக்கிறதா என்று எல்எஸ்ஓஎஃப் கட்டளையை +எல்1 (பெரிய எழுத்து) கொடுத்துப் பார்ப்பது. திறந்திருந்தால் ஃபைல் இன்னும் சாகவே இல்லை. ப்ராக் ஃபோல்டருக்குள் அந்தப் புரோகிராமின் எண், அதற்குள் எஃப்டி, அங்கிருந்து சாதாரண சிபி கட்டளையால் வேறு பார்ட்டிஷனுக்குப் பிரதி எடுத்துவிடலாம். இந்த நிலையில் சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் கையில் இருந்ததும் போய்விடும்.

திறந்திருக்கவில்லை என்றால், பார்ட்டிஷனை உடனே படிக்க மட்டும் என்று மாற்றுங்கள் அல்லது அன்மவுண்ட் செய்யுங்கள். எஸ்எஸ்டி என்றால் இன்னும் அவசரம். டெபியன், உபுண்டுவில் எஃப்எஸ்ட்ரிம் (எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் கட்டளை) வாரம் ஒரு முறை தானாக ஓடுகிறது. அது ஓடி முடித்துவிட்டால் காலிப் பிளாக்குகளைப் படிக்கும்போது பெரும்பாலும் பூஜ்ஜியம்தான் வரும், அதற்கு மேல் மென்பொருளால் செய்ய ஒன்றும் இல்லை.

பிறகு கையில் இருக்கும் ஒரே பிடி ஜர்னல். ஐநோட் ஒன்று மாறும்போது அது இருக்கும் பிளாக் முழுவதும் ஜர்னலில் நகல் எடுக்கப்படுகிறது. அழிப்பதற்கு முன் எடுத்த நகல் ஜர்னலில் இன்னும் மேலெழுதப்படாமல் இருந்தால் அதில் பழைய பிளாக் எண்கள் இருக்கும். ஐநோட் எண் தெரிந்தால் லாக்டம்ப் -ஐ <எண்> கொடுங்கள். சுத்தமாக அன்மவுண்ட் ஆன ஃபைல் சிஸ்டத்தில் ஜர்னல் காலி என்று குறிக்கப்பட்டிருக்கும் என்பதால் ஒன்றும் காட்டாது. பெரிய எழுத்து ஓ சேர்த்தால் பழைய பதிவுகளையும் தோண்டிக் காட்டும். ஜர்னல் வட்டமாகச் சுழலும் இடம். எழுத்து வேலை அதிகம் உள்ள சர்வரில் பழைய நகல் வெகு சீக்கிரம் மேலெழுதப்பட்டுவிடும். டெஸ்க்டாப்பில் கொஞ்சம் கூடுதல் நேரம் கிடைக்கலாம்.

லாக்டம்ப் காட்டும் 'பிளாக்ஸ்' வரியில் முதல் எண் 127754 என்று இருக்கும். அது பிளாக் எண் என்று எடுத்துக்கொண்டு டிடி ஓட்டினால் கிடைப்பது சம்பந்தமில்லாத குப்பை. நடப்பது இதுதான். ஐநோட்டுக்குள் பிளாக் விவரம் வைக்க 60 பைட் இடம், அதாவது 4 பைட் வீதம் 15 எண்கள். எக்ஸ்ட்2, எக்ஸ்ட்3இல் அவை நேரடிப் பிளாக் எண்கள். எக்ஸ்ட்4 அதே 60 பைட்டில் எக்ஸ்டென்ட் அமைப்பை (தொடர்ச்சியான பிளாக்குகளை 'எங்கிருந்து, எத்தனை' என்று குறிப்பது) வைக்கிறது: 12 பைட் தலைப்பு, பிறகு 12 பைட் வீதம் நான்கு எக்ஸ்டென்ட். லாக்டம்ப் இதைப் பழைய முறையிலேயே படித்துக் காட்டுகிறது. 127754ஐப் பதினாறின் அடிமானத்தில் எழுதினால் கடைசி நான்கு இலக்கம் எஃப்30ஏ, அது எக்ஸ்டென்ட் தலைப்பின் அடையாள எண். முன்னால் நிற்கும் 1, 'ஒரே ஒரு எக்ஸ்டென்ட் இருக்கிறது' என்பது. இரண்டு இருந்தால் 193290 என்று வரும். அடுத்த எண் 4, அதிகபட்சம் எத்தனை வைக்கலாம் என்பது. அதற்கடுத்த இரண்டு இடங்கள் வழக்கமாகப் பூஜ்ஜியம். நமக்கு வேண்டியது வரிசையில் 4ஆம் இடமும் 5ஆம் இடமும் (0இலிருந்து எண்ணினால்). 4ஆம் இடத்தில் எத்தனை பிளாக், 5ஆம் இடத்தில் எந்தப் பிளாக்கிலிருந்து. 16 டிபியைத் தாண்டாத ஃபைல் சிஸ்டத்துக்கு இந்தப் படிப்பு அப்படியே பொருந்தும்.

உதாரணமாக 4இல் 25, 5இல் 1310720 என்றால், டிடியில் பிஎஸ்=4096, ஸ்கிப்=1310720, கவுன்ட்=25. வெளியே எழுதுவது கட்டாயம் வேறு பார்ட்டிஷனில். வருவது 102400 பைட். அதே லாக்டம்ப் பதிவில் 'சைஸ்' என்று இருக்கும் அளவுக்கு ட்ரன்கேட்டால் வெட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வாலில் பூஜ்ஜியமோ வேறு ஃபைலின் மிச்சமோ ஒட்டிக்கொண்டிருக்கும். நான்கு எக்ஸ்டென்டுக்கு மேல் சிதறிய பெரிய ஃபைலுக்கு இந்த 60 பைட் போதாது, விவரம் வேறு பிளாக்கில் இருக்கும். அதையும் ஜர்னலில் கையால் தேடுவதைவிட எக்ஸ்ட்4மேஜிக், எக்ஸ்ட்அன்டெலீட் போன்றவற்றிடம் விடுவது மேல். அவையும் இதே ஜர்னலைத்தான் தோண்டுகின்றன.

மவுண்ட் ஆகாத டிஸ்க்கிலிருந்து அள்ளுவது

டிஸ்க்கில் கீறல் சத்தம் கேட்டால், படிக்கும் வேகம் விழுந்தால், முதலில் டிடிரெஸ்க்யூவால் முழு இமேஜ். அதன் பிறகு எல்லா வேலையும் இமேஜின் மேல். சூப்பர்பிளாக் கெட்டிருந்தால் நகலைக் காட்டலாம்: -பி (b) 4096 -எஸ் 32768. -எஸ் கொடுத்தால் -பி கட்டாயம். 4096 பைட் பிளாக்கில் நகல்கள் 32768, 98304, 163840, 229376, 294912 என்று போகும். 1024 பைட் பிளாக் என்றால் முதல் நகல் 8193இல். எம்கேஈ2எஃப்எஸ் -என் கொடுத்தால் இந்த எண்களைச் சொல்லும் என்று குறிப்புகளில் இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த -என் விடுபட்டால் அதே கட்டளை டிஸ்க்கை ஃபார்மட் செய்யும். மேலே உள்ள எண்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

பிட்மேப்பும் கெட்டிருந்தால் -சி. அது பிட்மேப்பைப் படிக்காமலே திறக்கும், எழுதவும் விடாது. செக்சம் (சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை என்று அடம்பிடித்தால், உள்ளிருப்பது சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை இருந்தால் மட்டும், -என். திறந்துவிட்டால் ஆர்டம்ப் ஒரு ஃபோல்டரை அதன் கீழ் உள்ள எல்லாவற்றோடும் வெளியே எடுத்துவிடும். ஒற்றை ஃபைலுக்கு டம்ப் -பி (p), உரிமையாளரும் அனுமதிகளும் அப்படியே வரும். முழு மரத்தையும் ஒரே அடியில் அள்ளாமல், முக்கியமான ஃபோல்டரை முதலில் எடுங்கள். டிஸ்க் எப்போது கையை விரிக்கும் என்று சொல்ல முடியாது.

எழுதப் போகும்போது

-டபிள்யூ கொடுத்த டிபக்எஃப்எஸ் ஒன்றையும் கேள்வி கேட்காது. மவுண்ட் ஆகியிருக்கும் பார்ட்டிஷனில் எழுதப் போகிறீர்கள் என்றால் தடுத்துவிடும் என்று நம்பி இருக்காதீர்கள். கர்னல் தன்னிடம் இருக்கும் பழைய நகலை உங்கள் மாற்றத்தின் மேல் எழுதும், இரண்டும் கலந்து இரண்டுமே கெடும். ரூட் பார்ட்டிஷன் என்றால் லைவ் யுஎஸ்பியிலிருந்துதான்.

அன்மவுண்ட் செய்தது மட்டும் போதாது, ஜர்னலையும் பார்க்க வேண்டும். கரண்ட் போய் நின்ற டிஸ்க்கில், ஸ்டாட்ஸ் காட்டும் அம்சப் பட்டியலில் நீட்ஸ்_ரெக்கவரி என்று இருக்கும். அப்படியே எழுதினால், அடுத்த மவுண்டில் ஜர்னல் ஓடி உங்கள் திருத்தத்தை மேலெழுதிவிடும். முதலில் ஈ2எஃப்எஸ்செக்கில் பெரிய எழுத்து ஈ கொடுத்து ஜர்னல்_ஒன்லி என்று ஓட்டினால் ஜர்னலை மட்டும் முடித்துவிட்டு வேறெதையும் தொடாமல் நிற்கும்.

திரும்பி வருவதற்கும் வழி உண்டு. டிபக்எஃப்எஸ்ஸைத் திறக்கும்போதே -இசட் என்று ஒரு ஃபைல் பெயர் கொடுத்தால், மாற்றும் ஒவ்வொரு பிளாக்கின் பழைய வடிவத்தையும் அதில் சேமிக்கும். பிறகு ஈ2அன்டூ அந்த ஃபைலைக் கொண்டு முன்பிருந்த நிலைக்குத் திருப்பும். அந்த ஃபைலை அதே பார்ட்டிஷனில் வைக்க முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதிகம் பயன்படுவது எஸ்ஐஎஃப், ஐநோட்டில் ஒரு புலத்தை மாற்றுவது. எஸ்ஐஎஃப் -எல் கொடுத்தால் எந்தெந்தப் புலம் மாற்றலாம் என்ற பட்டியல் வரும். பழைய நாட்களில் ஹெக்ஸ் எடிட்டரில் நேராக மாற்றிவிடுவார்கள். ஈ2எஃப்எஸ்ப்ராக்ஸ் 1.43 முதல், அதாவது 2016 முதல், புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4இல் மெட்டாடேட்டா செக்சம் இயல்பாகவே இருக்கிறது. ஹெக்ஸ் எடிட்டரில் ஒரு பைட் மாற்றினாலும் அந்த ஐநோட்டைக் கர்னல் ஏற்காது. எஸ்ஐஎஃப் செக்சம்மையும் சேர்த்துக் கணக்கிட்டு எழுதிவிடுகிறது.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. சாட்டர் கட்டளைக்கு மசியாமல் 'அனுமதி இல்லை' என்று நிற்கும் ஃபைலில், ஸ்டாட் செய்தால் ஃபிளாக்ஸ் 0x80010 என்று தெரிகிறது. 0x10 என்பது மாற்றக் கூடாது என்ற குறி. அதை எடுக்க ஃபிளாக்ஸை 0 என்று வைத்துவிடத் தோன்றும். 0x80000 என்பது 'இந்த ஃபைலின் 60 பைட்டும் எக்ஸ்டென்ட் முறையில் இருக்கிறது' என்ற குறி. அதையும் சேர்த்து எடுத்துவிட்டால், மேலே லாக்டம்ப் செய்த அதே தவறைக் கர்னலே செய்யும்: 127754ஐ ஒரு பிளாக் எண்ணாக எடுத்துக்கொள்ளும். அந்த ஃபைலைப் படித்தால் வேறு யாருடையதோ வரும்; அழித்தால் வேறு யாருடைய பிளாக்கோ காலி என்று குறிக்கப்படும். வைக்க வேண்டிய மதிப்பு 0x80000.

எதற்கும் அடங்காத, புலங்கள் எல்லாம் குப்பையாக இருக்கும் ஐநோட்டுக்குத்தான் சிஎல்ஆர்ஐ. அது ஐநோட்டை முழுக்கப் பூஜ்ஜியமாக்கும், அவ்வளவுதான். ஃபோல்டரில் உள்ள பெயர், பிட்மேப்பில் பிடித்து வைத்திருக்கும் பிளாக்குகள், எண்ணிக்கைகள் எதையும் தொடாது. லிங்க், அன்லிங்க் இரண்டும் அப்படித்தான், லிங்க் எண்ணிக்கையைத் திருத்தாது. ஆர்எம் மட்டும் ஷெல்லில் இருப்பது போல் முழுக் காரியத்தையும் செய்யும். எதை வெட்டுவது என்று முடிவு செய்வது டிபக்எஃப்எஸ்ஸில் நம் வேலை, மீதிக் கணக்கை ஒத்துப் பார்த்துச் சரிசெய்வது ஈ2எஃப்எஸ்செக்கின் வேலை. இந்தப் பிரிவினையை ஏற்றுக்கொண்டு, பிட்மேப்பைக் கையால் திருத்தப் போகாமல் இருப்பதே நல்லது.

வேலை முடிந்ததும் 'க்யூ' கொடுத்து வெளியே வாருங்கள். பிட்மேப்பும் சூப்பர்பிளாக்கும் வட்டுக்குப் போவது மூடும்போதுதான், நடுவில் கொன்றுவிட்டால் பாதி எழுதிய நிலையில் நிற்கும். பிறகு ஈ2எஃப்எஸ்செக் ஓட்டும்போது -எஃப் கட்டாயம். ஃபைல் சிஸ்டம் 'கிளீன்' என்று குறிக்கப்பட்டிருப்பதால் அது இல்லாமல் ஓட்டினால் ஒரு நொடியில் 'கிளீன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடும், ஒன்றையும் பார்த்திருக்காது. முதலில் -எஃப்என் கொடுத்து எழுதாமல் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சிஎல்ஆர்ஐ செய்திருந்தால் இரண்டாம் கட்டத்தில் 'இந்தப் பெயர் அழிந்த ஐநோட்டைக் காட்டுகிறது, நீக்கவா' என்றும், ஐந்தாம் கட்டத்தில் பிட்மேப் வேறுபாடு என்றும் வரும். இவை எதிர்பார்த்தவை. நீங்கள் தொடாத ஐநோட் எண்கள் பட்டியலில் வந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் படிக்க மட்டும் திறந்து ஸ்டாட் செய்யுங்கள். எல்லாம் புரிந்த பிறகு -என் இல்லாமல் ஓட்டலாம். முடிந்ததும் ஷெல்லில் வெளியேறு எண்ணைப் பாருங்கள்: 0 என்றால் பிழை இல்லை, 1 என்றால் திருத்திவிட்டது, 4 என்றால் இன்னும் திருத்தாமல் விட்டது இருக்கிறது. 4 வந்த டிஸ்க்கை மவுண்ட் செய்யாதீர்கள்.